ஒரே உறக்கப் பை, ஐந்து விதமான இரவு: வட்டவடைக் கூடாரம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அதிகாலை 2 மணி. கூடாரத் துணியை யாரோ விரலால் மெல்லச் சுரண்டும் ஓசை கேட்டது. காட்டெருமையோ என்று ஒரு நொடி நெஞ்சு அடைத்தது. பிறகு குரல் வந்தது: "மதினி, கார் சாவியைக் கொடுங்கள். என்னால் இதற்கு மேல் முடியவில்லை." தம்பியின் மனைவி. ஜிப்பைத் திறந்து சாவியை நீட்டியபோது அவளுடைய விரல்கள் என் கையில் பட்டன. குழாய் நீரில் நெடுநேரம் ஊறிய விரல்களைப் போலச் சில்லிட்டிருந்தன. அவள் விடியும்வரை காரின் பின் இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே நேரத்தில், எனக்கு இரண்டடி தள்ளி, பதினோரு வயது மகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் போர்த்தியிருந்தது ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலைக்கு வாங்கிய ஒரே வகை ஸ்லீப்பிங் பேக். இந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. ஐந்து பேர், ஒரே பை, ஒரே குளிர். ஒருத்தி காருக்கு ஓடினாள், ஒருத்தி கனவு கண்டாள். ஏன்?

இடமும் ஆட்களும்

ஜனவரி இரண்டாம் வாரம், இரண்டு இரவுகள். நான், கணவர், மகள், தம்பி, தம்பியின் மனைவி. மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு, பிறகு பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டிப் பாம்பாடும் சோலை. 1.3 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா அது. அந்தச் சோலைக்குள் இருளும் ஈரமுமாகக் கிடக்கும் சாலை முடிந்ததும் சட்டென்று வானம் திறந்து, மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள் தெரியும். அதுதான் வட்டவடை. இடுக்கி மாவட்டம் என்றாலும் ஊருக்குள் பேச்சு பெரும்பாலும் தமிழ். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று அவர்கள் வளர்க்கும் பயிர்களும் நம் கொடைக்கானல் மேல்மலையின் பயிர்களே. இரண்டும் ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்கள்.

வனப்பகுதிக்குள் கூடாரம் போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அனுமதியின்றி அப்படிச் செய்வது குற்றம். யானையும் காட்டெருமையும் உலவும் இடத்தில் அது மடமையும்கூட. முகாம் அமைக்க இடம் கொடுக்கும் ஒரு பெரியவரின் சொந்த நிலத்தில் தங்கினோம். கழிப்பறை அவர் வீட்டில், நாங்கள் படுத்த இடத்திலிருந்து ஐம்பதடி மேலே. கைபேசி 1,790 மீட்டர் உயரம் காட்டியது.

மூணாறு வட்டாரத்தில் ஜனவரியில் உறைபனி புதிதல்ல. தேயிலைத் தோட்டங்களில் புல் வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. குளிரும் என்று தெரிந்துதான் போனோம், அதற்கென்று செலவும் செய்தோம். ஆனால் செலவு செய்த வரிசை தவறாகிவிட்டது.

என்ன வாங்கினோம்

"நான்கு பேர்" என்று அட்டையில் போட்டிருந்த கூடாரம் 7,500 ரூபாய். "இருவர்" கூடாரம் 3,200. ஸ்லீப்பிங் பேக் ஐந்து, ஒவ்வொன்றும் 1,900. தம்பிக்கு முதுகுவலி உண்டு என்பதால் அவர்கள் இருவருக்கும் இருபது சென்டிமீட்டர் தடிமனுள்ள காற்று மெத்தை, பம்ப்புடன் 3,400. மடக்கு நாற்காலிகள், தொங்கும் விளக்கு, சிறிய கேஸ் அடுப்பு ஆகியவை தனி.

தரைக்கு என்று நாங்கள் தனியாகச் செலவிட்டது அந்தக் காற்று மெத்தைக்கு மட்டுமே. மற்ற மூவருக்கும் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டோம். எனக்கு ஆறு மில்லிமீட்டர் யோகா பாய் ஒன்று. மகளுக்கு அதே போன்ற பாய், அதன்மேல் நான்காக மடித்த பவானி ஜமுக்காளம். கணவர் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். "ஆயுள் முழுவதும் தரையில் படுத்தவன் நான்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்தத் தரை மதுரையின் சிமெண்டுத் தரை, மே மாதத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் தரை. இங்கே அவர் தார்ப்பாய், கூடாரத்தின் அடித்துணி, ஒரு பருத்தி விரிப்பு ஆகியவற்றின்மேல் பையை விரித்துப் படுத்தார்.

இப்படி, திட்டமிடாமலேயே ஒரு சோதனை அமைந்துவிட்டது. போர்வை ஒன்று, படுக்கை நான்கு வகை.

முதல் இரவின் கணக்கு

வீட்டிலிருந்து இரண்டு சிறிய எண்முறை வெப்பமானிகள் கொண்டுபோயிருந்தேன். புறப்படும் முன் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தேன், அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை. கூடாரத்துக்கு வெளியே ஒரு குச்சியில் ஒன்றைக் கட்டினேன். இரவு 8 மணிக்கு 11 டிகிரி. 11 மணிக்கு 7. அதிகாலை 2 மணிக்கு 4.5. விடியும் முன் 5.30-க்கு 2.

தம்பியும் அவன் மனைவியும் பத்தரைக்குப் படுத்தார்கள். பதினொன்றரைக்கே அவளுக்கு முதுகு சில்லிட்டது. நள்ளிரவில் மெத்தை தொய்ந்தது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தம்பி இருட்டில் பம்ப்பை எடுத்து அடித்தான். பத்து நிமிடம் அந்த இரைச்சல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. இரண்டு மணிக்கு அவள் காருக்குப் போனாள். கணவர் ஒரு மணியிலிருந்து புரண்டுகொண்டே இருந்தார். இடுப்பும் தோளும் தரையில் பதியும் இடங்கள் வலிக்கும் அளவுக்குக் குளிர்கின்றன என்றார். நான் மூன்று மணிவரை அரைகுறையாகத் தூங்கினேன். மகள் விடியும்வரை விழிக்கவில்லை. எழுந்தபோது அவளுடைய பையின் தலைப்பகுதி மட்டும் நனைந்திருந்தது.

சிறுவர்களின் உடல் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், ஆகவே அவர்கள் பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழப்பார்கள். கணக்குப்படி முதலில் நடுங்கியிருக்க வேண்டியவள் அவள்தான். அவளே நன்றாகத் தூங்கினாள் என்பதைத்தான் இந்த நிகழ்வின் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன்.

கீழே போன வெப்பம்

ஸ்லீப்பிங் பேக் நம்மைச் சூடாக்குவதில்லை. அதற்குள் அடைத்திருக்கும் இழைகளுக்கு நடுவே சிறு சிறு அறைகளாகக் காற்று தங்கி நிற்கிறது. நகராத அந்தக் காற்றுதான் உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே இருக்கும் பாதி உப்பலாக இருப்பதால் தன் வேலையைச் செய்கிறது. கீழே இருக்கும் பாதியை நம் எடை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய இழையில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் காப்பும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த பை வாங்கினாலும் முதுகுக்கடியில் அது ஒரு துணி மட்டுமே. அங்கே வெப்பத்தைத் தடுக்க வேண்டியது பாய்.

கணவருக்கு அந்தப் பாயே இல்லை. அன்று மாலைதான் பக்கத்துப் பாத்திக்கு நீர் பாய்ச்சியிருந்தார்கள், மண் ஈரம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரமண்ணின்மேல் படுத்தவரின் வெப்பம் எட்டு மணி நேரம் தடையில்லாமல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காற்று மெத்தையின் கதை இன்னும் வியப்பானது. எங்களிடம் இருந்தவற்றில் மிகத் தடிமனானது அதுதான், மிக மோசமாகத் தோற்றதும் அதுதான். காரணம், அதற்குள் இருப்பது கட்டுண்ட காற்று அல்ல, பெரிய அறைகளில் தாராளமாக நகரும் காற்று. ஒவ்வொரு முறை புரளும்போதும் உடல் சூடாக்கிய காற்று கலைந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகிறது, அங்கிருக்கும் குளிர் இங்கே வருகிறது. இருபது சென்டிமீட்டர் உயரமுள்ள பக்கச்சுவர்கள் நான்கும் குளிர்காற்றில் திறந்து கிடக்கின்றன. மெல்லிய பிளாஸ்டிக் எதையும் தடுப்பதில்லை. தம்பி நினைத்தது போல ஓட்டையும் விழவில்லை. மாலை இளஞ்சூட்டில் நிரப்பிய காற்று இரவில் பதினைந்து, பதினாறு டிகிரி குளிர்ந்தால் அதன் கன அளவு இருபதில் ஒரு பங்கு சுருங்கும். மெத்தை தொய்ந்ததாகத் தோன்ற அது போதும்.

பாய்களின் காப்புத்திறனை அளக்க ஓர் எண் இருக்கிறது, 'ஆர்' மதிப்பு. 2018-இல் அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்த பிறகு வெவ்வேறு நிறுவனங்களின் பாய்களை ஒப்பிட முடிகிறது. காப்பு அடைக்காத காற்று மெத்தைகளின் மதிப்பு 1-ஐ ஒட்டியே நிற்கும். மூடிய நுண்ணறைகள் கொண்ட நல்ல ஃபோம் பாய் இரண்டு தரும். உறைநிலையை ஒட்டிய குளிருக்கு மூன்று, நான்கு வேண்டும். இந்த எண்ணில் எனக்குப் பிடித்தது, ஒன்றன்மேல் ஒன்று போட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான். மகளின் யோகா பாயும் ஜமுக்காளத்தின் நான்கு மடிப்பும் சேர்ந்து செய்தது இந்தக் கூட்டலைத்தான்.

பையின் அட்டையில் பெரிய எழுத்தில் "5°" என்று இருந்தது. உள்ளே தைத்த சிறு துண்டுத் துணியை மறுநாள் வெயிலில்தான் படித்தேன்: வசதி 10, எல்லை 5. ஐரோப்பாவில் இ.என். 13537 என்று தொடங்கி இப்போது ஐ.எஸ்.ஓ. 23537 என்று வழங்கும் சோதனை முறையில் இந்த இரு சொற்களுக்கும் திட்டமான பொருள் உண்டு. வசதி என்பது ஒரு சராசரிப் பெண் தளர்வாகப் படுத்துக் குளிரின்றி உறங்கும் நிலை. எல்லை என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் நிலை. மூன்றாவதாக இன்னொன்று அச்சிடுவார்கள், அது உயிர் பிழைப்பதற்கான எண். அதைப் பார்த்துப் பை வாங்கவே கூடாது. கடையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் வசதி எண் அல்ல. பெண்கள் வாங்கும்போது அந்தச் சிறு எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். தம்பி மனைவிக்குக் குளிர் தாங்கும் மனது இல்லை என்று அன்று காலை யாரோ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. காருக்குப் போனபோது அவள் தன் பையின் வசதி எண்ணைவிட ஐந்தரை டிகிரி கூடுதல் குளிரில் படுத்திருந்தாள்.

இன்னொன்று: அந்தச் சோதனையில் பொம்மை உடலைப் பாயின்மேல்தான் படுக்க வைத்து அளக்கிறார்கள். பாய் இல்லாமல் படுப்பவருக்கு அட்டையில் உள்ள எந்த எண்ணும் பொருந்தாது.

உள்ளே பெய்த மழை

வெளியே ஒரு துளி மழை இல்லை. காலையில் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க நீர். சின்னக் கூடாரத்தில் அது சொட்டவே செய்தது.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் காற்றுத் துளைகளையும் இறுக மூடியிருந்தோம். ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார். இருவர் படுத்தால் அரை லிட்டர். அது வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. சின்னக் கூடாரத்தின் தரை அகலம் 140 சென்டிமீட்டர், காற்று மெத்தையின் அகலம் 137. பைகளின் கால்பகுதியும் ஓரங்களும் இரவு முழுக்க ஈரத்துணியில் உரசிக்கொண்டிருந்தன. நனைந்த இழை ஒட்டிக்கொள்ளும், உப்பல் போகும். குளிரில் வந்த ஈரம் மேலும் குளிரைக் கொண்டுவந்தது.

தம்பி போட்டிருந்தது ஜீன்ஸும் பருத்திச் சட்டையும். சாமான்களைப் படிவயல் இறங்கிச் சுமந்தபோது வியர்த்து, அதே உடையோடு பைக்குள் புகுந்துவிட்டான். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விடாது. நம் சமவெளி வெயிலுக்கு அதுதான் அதன் அருமை. குளிர்ந்த இரவில் அதுவே எதிரி. கம்பளி அப்படியல்ல. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, உப்பலும் போகாது. இதை எழுதும்போது ஒரு நினைவு வருகிறது. வட்டவடைக்குக் கிழக்கே, மலையின் அந்தப் பக்கம் மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். அந்த மேய்ச்சல் வெளியைப் பார்க்க நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். குளிருக்கு எந்த இழை என்ற கேள்விக்கு விடை அங்கே புல் மேய்ந்துகொண்டிருந்ததை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

குடிக்காத தண்ணீர்

இதை எழுதத் தயங்கினேன், ஆனால் விட முடியாது. நானும் தம்பி மனைவியும் மாலை ஐந்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்கவில்லை. நள்ளிரவில் இருட்டில், பனிபடிந்த வரப்பில், ஐம்பதடி ஏறிக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற அச்சம். இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் இருவருக்கும் தலைவலி. கூடாரப் பயணங்களைப் பற்றிய பட்டியல்களில் அடுப்பும் கத்தியும் வருகின்றன, பெண்கள் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி வருவதில்லை. அதை முதல் வரியில் எழுத வேண்டும். இரண்டாம் நாள் நாங்கள் செய்தது சிறியதுதான். வரப்பில் இரண்டு இடங்களில் சிறு விளக்கு, கூடார வாசலில் ஆளுக்கொரு ரப்பர் செருப்பு, தலையில் கட்டும் விளக்கு தலைமாட்டிலேயே, எந்நேரமானாலும் இருவரும் சேர்ந்தே போவது என்ற ஒப்பந்தம். அன்று இரவு இருவரும் தாகத்துக்குக் குடித்தோம்.

பெரியவர் சொன்ன இடம்

காலை ஏழு மணிக்கு நிலத்துக்காரர் கட்டங்காப்பியோடு இறங்கி வந்தார். காரில் கண்ணாடி பூத்திருப்பதையும் உள்ளே அவள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பனி பள்ளத்தில்தானம்மா இறங்கும். நேற்றே சொல்லியிருப்பேன், ஓடைப் பக்கம் அழகாக இருக்கிறதென்று பாப்பா ஆசைப்பட்டது" என்றார்.

நாங்கள் கூடாரம் போட்டிருந்தது தோட்டத்தின் அடிப்படி. பக்கத்தில் ஓடை, சமதளம், புல்வெளி. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. காற்றில்லாத தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் நீர் போலவே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அவருடைய வீடும் மாட்டுக் கொட்டிலும் ஏன் நடுச்சரிவில் இருக்கின்றன என்று அப்போதுதான் கவனித்தேன்.

கூடாரங்களை மூன்று படி மேலே, கிழக்கு பார்த்த வரப்புக்குக் கொண்டுபோனோம். ஏற்றம் பத்து மீட்டர் இருக்கலாம். ஒரு வெப்பமானியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, இன்னொன்றைப் புதிய இடத்தில் கட்டினேன்.

பைகள் ஐந்தையும் உள்புறம் வெளியே திருப்பி வெயிலில் போட்டோம். பெரியவர் காய்கறி கட்டும் சணல் சாக்குகளைக் கொடுத்தார், மாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த புல்லில் கொஞ்சமும். புல்லைச் சாக்கில் லேசாகத் திணித்து, ஒரு சாண் உயரத்துக்கு வருமாறு கூடாரத்துக்குள் பரப்பினோம். அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்கு. எல்லாவற்றிலும் பூண்டு மணம். இன்றுவரை என் பையில் அது முழுதாகப் போகவில்லை. காற்று மெத்தை காருக்குள் போயிற்று, தம்பி எவ்வளவோ மறுத்தும்.

படுக்கும் முன் எல்லோரும் உடை மாற்றினோம். பகலில் போட்டது எதுவும் பைக்குள் வரக்கூடாது என்று விதி. உலர்ந்த முழுக்கை உடை, கம்பளிக் காலுறை, குல்லாய். கூடாரத்தின் மேல் துளைகளைத் திறந்து வைத்தோம். கணவருக்கு அதில் நம்பிக்கையே இல்லை, குளிரை நாமே உள்ளே அழைக்கிறோம் என்றார். ஒன்பதரைக்குச் சூடான பாலும் ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாயும். இரவு முழுக்க உடல் எரிக்க அதற்கு ஏதாவது வேண்டும். முதல் நாள் ஏழு மணிக்கே இட்லியோடு முடித்திருந்தோம். எஃகு பாட்டிலில் வெந்நீரை நிரப்பி, மூடி கசிகிறதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, காலுறைக்குள் போட்டு ஆளுக்கொன்று. ஒரு லிட்டர் நீர் 70 டிகிரியிலிருந்து 35-க்கு ஆறும்போது 35 கிலோ கலோரியைப் பைக்குள் விடும். தம்பி மனைவி அதைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அரை மணியில் தூங்கிப்போனாள்.

ஒரு வாக்குவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். கணப்புக் கரியைத் தட்டில் போட்டுக் கூடாரத்துக்குள் சற்று நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் ஒப்பவில்லை, ஒரு நிமிடம்கூட. கனன்று எரியும் கரியும் கேஸ் அடுப்பும் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலிருப்பவர் விழிக்க மாட்டார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி அடுப்போடு உறங்கி இறந்த செய்தியைப் படித்திருக்கிறேன். கூடாரத்துக்குள் நெருப்பு வேண்டாம் என்பதில் அளவு, நேரம், ஜன்னல் திறப்பு என்று எந்தச் சமரசமும் கிடையாது.

இரண்டாம் இரவின் கணக்கு

விடியும் முன் 5.30-க்குப் பழைய இடத்தில் 1.5 டிகிரி. மூன்று படி மேலே 4.5. ஒரே நேரம், ஒரே தோட்டம், மூன்று டிகிரி வேறுபாடு. கீழே புல் வெள்ளையாக இருந்தது. முந்தைய நாள் எங்கள் கூடாரம் நின்ற சதுரம் மட்டும் நசுங்கிய பழுப்பாகத் தனியே தெரிந்தது. மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

ஐவரும் தூங்கினோம். தம்பி மனைவி ஒரே ஒருமுறை எழுந்து, என்னை எழுப்பி, நாங்கள் இருவரும் விளக்கோடு மேலே போய் வந்தோம். அந்த நடையில் வானத்தைப் பார்த்து நின்றோம். முதல் இரவும் அதே வானம்தான் இருந்திருக்கும், அன்று அண்ணாந்து பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டதால் முழுமையாக முடியாது. முந்தைய இரவின் களைப்பும் தூக்கத்துக்கு உதவியிருக்கும். ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. மூன்று மணியளவில் கணவர் உறக்கத்தில் சாக்கை விட்டுச் சரிந்து, இடுப்பு வெறும் தரைக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் அந்தப் பக்கக் குளிரால் விழித்துக்கொண்டார். பை அதே, உடை அதே, பாலும் வெந்நீர் பாட்டிலும் அதே. மாறியது அடியில் இருந்த புல் மட்டும். மகளின் முதல் இரவையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, தரைக்கே முதலிடம் கொடுக்கிறேன். அடுத்து ஈரமின்மை. அதற்கடுத்து இடம். பையின் விலையும் கூடாரத்தின் விலையும் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வருகின்றன.

காலைத் தேநீரும் தன் பங்குக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. முதல் நாள் காலை அடுப்பு நீலமாக எழுந்து, இரண்டு நிமிடத்தில் சுருங்கி அணைந்தது. நம் கடைகளில் கிடைக்கும் நீள கேஸ் குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாகும் வெப்பநிலை −0.5 டிகிரி. வெளியே 2 டிகிரி இருக்கும்போது, ஆவியாக ஆவியாகக் குப்பி தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. குப்பி நிறைய கேஸ் இருந்தும் எரியாது. இரண்டாம் இரவு குப்பியைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துத் தூங்கினேன். காலையில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. குப்பியை நெருப்பில் காட்டிச் சூடாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது வெடிக்கும்.

பிறகு வாங்கியவை

ஊர் திரும்பிய பிறகு ஆளுக்கொன்றாக ஐந்து மடக்கு ஃபோம் பாய்கள் வாங்கினோம், ஒன்று 950 ரூபாய். அவற்றின்மேல் விரிக்க வீட்டிலிருக்கும் ஜமுக்காளங்கள். எனக்கும் தம்பி மனைவிக்கும் வசதி எண் 3 டிகிரி உள்ள பைகள், சிறு எழுத்தைப் படித்த பிறகு. ஆண்கள் இருவரும் பழைய பையிலேயே போர்வை ஒன்று சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்று தூங்க மட்டும். "இருவர்" கூடாரத்தை இனி ஒருவருக்கும் சாமான்களுக்கும் என்று வைத்துக்கொண்டோம். அட்டையில் போடும் ஆள் எண்ணிக்கை தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு. ஒன்றைக் கழித்தே வாங்க வேண்டும்.

காற்று மெத்தையைக் குப்பையில் போடவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த விருந்தினருக்கு மொட்டை மாடியில் விரித்தோம். பகலில் தகித்த தளத்தின் சூடு ஏறாமல், அடியில் ஒரு சாண் காற்று. புரளும்போதெல்லாம் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று தம்பி மனைவி அதில்தான் படுக்கிறாள்.